நீர்த்துறைகளுக்கு ஓர் ஆற்றுப்படை

முன்னுரை

ஊர்விட்டு ஊர் செல்லும் விருப்பம் மாந்தர் யாவர்க்கும் உண்டு. வணிகத்தின்பொருட்டும் கல்வியின்பொருட்டும் உறவின்பொருட்டும் மேற்கொள்ளும் செலவு ஒருவகை. புதிய ஊர்களைக் காணவும், நீர்த்துறைகளில் அமர்ந்து தூண்டிலிட்டுப் பொழுது போக்கவும் மேற்கொள்ளும் செலவு மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகைச் செலவு நம் சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதிகளில் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றது. விடுமுறை நாளில் மேட்டூர்ச் சாலையிலும் ஜேடர்பாளையம் சாலையிலும் இருசக்கர வண்டிகள் வரிசையாகச் செல்வதை யாவரும் காணலாம். அவற்றில் செல்வோருள் பலர் கல்லூரி மாணவர்களே.

இச்செலவின் இன்பங்களை எடுத்துரைக்கும் விளம்பரங்கள் மிகப்பல. அருவியின் படமும் பரிசலின் படமும் பொரித்த மீனின் படமும் கைப்பேசித் திரையில் ஓயாது வந்து அழைக்கின்றன. ஆனால் துறையின் ஆழம் எவ்வளவு, சுழல் எங்கே உள்ளது, வழுக்கும் பாறை எது என்னும் செய்திகளை அவை கூறுவதில்லை. பாதிச் செய்தியை மட்டும் கேட்டுப் புறப்படுவோர்க்கு மீதிப் பாதி நீர்க்கரையில் காத்திருக்கின்றது.

இன்பத்தையும் இடரையும் ஒருசேரக் கூறி வழிப்படுத்துவதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்துக்கொண்ட மொழி நம் மொழி. அந்நெறியைத் துணையாகக் கொண்டு, நம் வட்டாரத்து ஊர்களுக்கும் மீன்பிடி துறைகளுக்கும் சென்று வருவதால் விளையும் நன்மை தீமைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றுப்படை காட்டும் நெறி

ஆறு என்னும் சொல் வழியையும் குறிக்கும். புனல் ஓடும் ஆற்றையும் குறிக்கும். பரிசில் பெற்று மீளும் ஒருவன் எதிர்ப்பட்ட இரவலனுக்குத் தான் பெற்ற வளத்தைச் சொல்லி, வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டுவது ஆற்றுப்படையாகும். இதன் இலக்கணத்தைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துள்ளது. பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்திருப்பது இவ்வகையின் செல்வாக்கைக் காட்டும்.

நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை ஊர்களின் வரிசையாகவே விரிகின்றது. எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட மீன், வேலூரில் எயினர் தரும் புளிச்சோறு, ஆமூரில் உழவர் தரும் வெண்சோறும் நண்டுக் கலவையும் என ஊர்தோறும் உணவு மாறுகின்றது. நிலம் மாறினால் தொழில் மாறும்; தொழில் மாறினால் உணவு மாறும் என்னும் உண்மையைப் பயணமே கற்பிக்கின்றது.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை தூண்டிற்காரனையே நம்முன் நிறுத்துகின்றது. இரையிட்ட தோற்பை, நெடிய மூங்கிற்கோல், அதில் கட்டிய நாண், வளைந்த இரும்பு முள் ஆகிய கருவிகள் அனைத்தும் அதில் இடம்பெறுகின்றன. இரையைக் கவ்விக்கொண்டு தப்பிய வாளைமீன், பின்னர் நீரருகே அசையும் பிரம்பின் நிழலைக் கண்டும் தூண்டிற்கோல் என அஞ்சுவதாகப் புலவர் பாடுகின்றார். நீர்க்கரையில் நெடும்பொழுது அமர்ந்து கண்டவர்க்கன்றி இந்நுட்பம் கைவராது.

இன்பம் கூறிய அளவில் ஆற்றுப்படைகள் நின்றுவிடவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் முதலியவற்றைச் சொல்லி எச்சரிக்கின்றது. பாசி படர்ந்த நீர்க்கரை காலை இடறும் என்றும், அவ்விடத்தில் மூங்கிற்கோலையும் கொறுக்கைத் தண்டையும் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது. எங்கே இடர் உள்ளது என்பதோடு அதனை எங்ஙனம் கடப்பது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நல்ல வழிகாட்டியின் இலக்கணம்.

நீர்வளத்தைப் போற்றும் இம்மரபு பின்வந்த புலவரிடத்தும் தொடர்ந்தது. பாலைநிலமாகிய அரபு நாட்டைப் பாடப் புகுந்த உமறுப்புலவர், சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் அந்நாட்டை ஆறும் வயலும் நிறைந்த மருதமாகவே காட்டுகின்றார். நீரைக் கண்ட இடத்து மகிழ்வது தமிழ் உள்ளத்தின் இயல்பு எனலாம்.

காவிரியும் ஊர்களும்

நம் சமவெளியின் மேற்கெல்லையாகவும் தெற்கெல்லையாகவும் காவிரி அமைந்துள்ளது. மேட்டூரில் அணையைக் கடந்து தெற்கு நோக்கி இறங்கும் ஆறு, சேலம், நாமக்கல் மாவட்டங்களை ஒரு கரையிலும் ஈரோடு மாவட்டத்தை மறு கரையிலும் வைத்து ஓடுகின்றது. பின்னர்க் கிழக்கே திரும்பிப் பரமத்தி வேலூர், மோகனூர் வழியாகச் செல்கின்றது. சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து 1997 சனவரி முதல் நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கி வருகின்றது. எல்லைகள் மாறினும் ஆறு இரண்டையும் ஒரு நூலில் கோத்து நிற்கின்றது.

துறை நாடிச் செல்பவன் வழியிலுள்ள ஊர்களையும் காண்கின்றான். சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் ஓசை. இராசிபுரத்தில் நெய்யும் பட்டும். திருச்செங்கோட்டில் இந்தியா முழுவதும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். நாமக்கல்லில் ஒற்றைப் பாறைமேல் நிற்கும் கோட்டையும், அதன் நிழலில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளும், முட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகளும் எனக் காட்சிகள் மாறிக்கொண்டே வரும். சங்ககிரிக் கோட்டையைக் காண்பவர்க்கு 1805இல் தீரன் சின்னமலை அங்குத் தூக்கிலிடப்பட்ட வரலாறு நினைவுக்கு வரும். நூலில் படித்த வரலாறு கண்முன் கல்லாக நிற்கும்போது அது மறப்பதில்லை.

ஊர்ப் பயணத்தின் குறைகளும் உடன் வருவனவே. கோடையில் இச்சமவெளியின் வெயில் கடுமையானது. நண்பகலில் கோட்டைப் பாறையில் ஏறுவோர் மயங்கி விழுதலும் உண்டு. பேருந்து தவறினால் சிற்றூர்களில் நெடும்பொழுது காத்திருத்தல் வேண்டும். உணவுக்கும் தங்கலுக்கும் ஆகும் செலவு எண்ணியதற்கு மேல் போகும். ஏரியை நம்பிச் சென்று வறண்ட மண்ணைக் கண்டு திரும்புவதும் நேரும். சேலம் நகர்க்குக் குடிநீர் தரும்பொருட்டு ஆங்கிலேயர் காலத்தில் அமைந்த பனமரத்துப்பட்டி ஏரி பல ஆண்டுகள் நீரின்றிக் கிடந்தது. கன்னங்குறிச்சி மூக்கனேரியோ 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொதுமக்கள் முயற்சியால் தூர்வாரப்பெற்று, மண்திட்டுகளும் மரங்களும் பறவைகளும் உடைய நீர்நிலையாக மீண்டது. நீர்நிலை கெடுவதும் வாழ்வதும் மக்கள் கையிலேயே உள்ளது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

மேட்டூர்

நம் வட்டாரத்து நீர்த்துறைகளுள் தலையாயது மேட்டூர். 1925இல் தொடங்கிய அணைப்பணி 1934இல் நிறைவுற்றது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப் பெயர் பெற்றது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; முழு நீர்மட்டம் 120 அடி; நீர் நிறைந்த காலத்தில் பரப்பு ஏறத்தாழ 59 சதுர மைல். பதினாறு கண் மதகு வழியே உபரிநீர் பாயும் காட்சியைக் காண மக்கள் திரள்வர். ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 2018 சூலையில் அணை நிரம்பியபோது எழுந்த மகிழ்ச்சி இவ்வட்டாரத்தார் பலர் நினைவில் இன்றும் நிற்பதாகும்.

இந்நீர்ப்பரப்பின் அடியில் ஊர்கள் உள்ளன. நீர்மட்டம் வெகுவாகக் குறையுங்காலத்தில் கொளத்தூரை அடுத்த பண்ணவாடிப் பகுதியில் பழைய கோவிலின் நந்திச் சிலையும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தோன்றும். டெல்டாவின் வயல்கள் விளைவதற்காகத் தம் ஊரைக் கொடுத்துவிட்டு எழுந்து போன மக்களின் நினைவுச் சின்னங்கள் அவை. அதே காலத்தில் நீர் விலகிய கரை நிலத்தில் உழவர் பயிரிடுவர். நீர் ஏறினால் மீனவர் நிலம், நீர் இறங்கினால் உழவர் நிலம் என ஒரே மண் இரு தொழிலுக்கும் இடம் தருகின்றது. மருதமும் நெய்தலும் மயங்கும் திணைமயக்கத்தை மாணவர்க்கு விளக்க இதனினும் சிறந்த இடம் இல்லை.

நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்பது உரிமம் பெற்ற மீனவரின் வாழ்வுத் தொழில். மூங்கிற் பிளாச்சுகளால் முடைந்த பரிசலில் வலையோடு செல்லும் அவர்கள் விடியுமுன் கரை திரும்புவர். கங்கையாற்று இனங்களாகிய கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் குஞ்சுகள் மீன்வளத்துறையால் இங்கு விடப்படுகின்றன. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் பல்கிப் பெருகியுள்ளது. அணைப் பூங்காவை அடுத்த கடைகளில் மிளகாய்ப்பொடி தடவிப் பொரிக்கும் மீனின் மணமே பலரை மேட்டூர்க்கு இழுக்கின்றது என்றால் மிகையாகாது.

அணை தந்த வளத்தோடு அணையால் நேர்ந்த இழப்பும் ஒன்று உண்டு. கடலிலிருந்து காவிரியில் எதிரேறி வந்து முட்டையிட்ட உல்லம் என்னும் மீனின் வரவு மேட்டூர் அணை எழுந்தபின் குன்றியது. முட்டையிடக் கடலுக்குச் செல்லும் விலாங்கிற்கும் அணை ஒரு தடையே. மீன் போயின் அதன் பெயரும் போகும். உல்லம் என்னும் சொல்லைக் கேட்ட மாணவர் இன்று எத்துணைப் பேர்?

மேட்டூர் முதல் மோகனூர் வரை

மேட்டூர்க்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் மின்னாக்கத்திற்கெனக் கதவணைகள் அமைந்துள்ளன. அவற்றால் ஆறு அங்கங்கே ஏரி போல் தேங்கி நிற்கின்றது. எடப்பாடியை அடுத்த பூலாம்பட்டியில் அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு செல்கின்றது. இரு கரையிலும் மலையும் தென்னையும் சூழ, அகன்ற நீரில் செல்லும் அச்சிறு பயணம் சில நிமிடமே ஆயினும் உள்ளத்தைக் குளிர்விப்பது. நாள்தோறும் அப்படகில் செல்வோர்க்கு அது வேலைக்கும் சந்தைக்கும் செல்லும் வழி. விருந்தினர்க்கு அது காட்சி. இவ்வேறுபாட்டை உணர்ந்து, அவர்தம் இருக்கையையும் நேரத்தையும் மதித்தல் செல்வோர் கடமை.

நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையம் ஆற்றுமீனுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள தடுப்பணையும் அதிலிருந்து பிரியும் இராஜவாய்க்காலும் அல்லாள இளைய நாயக்கரின் பணி எனப் போற்றப்படுகின்றன. வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் நெல்லும் அவ்வாய்க்கால் தந்த வளம். தடுப்பணையில் வழியும் நீரில் குளிப்பதும், கரையில் பிடித்த மீனை அங்கேயே சமைத்து உண்பதும் இங்கு வருவோர் நாடும் இன்பங்கள். இன்னும் கீழே மோகனூரில் ஆறு அகன்று விரிந்து, வாங்கலை எதிர்நோக்கி மணற்பரப்பாகக் கிடக்கும். நீர் குறைந்த நாளில் அங்கே அயிரையும் கெண்டையும் தேடி முழங்கால் நீரில் வலைவீசுவோரைக் காணலாம்.

தூண்டிலின் இன்பம்

தூண்டிலிடுதல் மற்ற விளையாட்டுகளைப் போன்றதன்று. ஓடுவதும் கூவுவதும் அதற்கு ஆகா. காத்திருத்தலே அதன் முதற்பாடம். விடியற்காலையும் அந்திப்பொழுதும் மீன் இரை தேடும் நேரம்; நண்பகல் வெப்பத்தில் அது ஆழத்திற்குச் சென்றுவிடும். மண்புழுவுக்கு வரும் மீன் வேறு. மாவுருண்டைக்கு வரும் மீன் வேறு. கோழிக்குடலுக்கு வரும் கெளுத்தி வேறு. தக்கை ஒருமுறை அசைந்தவுடன் இழுப்பவன் வெறுங்கையோடு மீள்வான். அது முற்றும் அமிழும்வரை பொறுப்பவனே மீனைக் காண்பான். கைப்பேசியை நொடிக்கொருமுறை நோக்கும் இளைஞர்க்கு இப்பொறுமை ஒரு மருந்து.

மீன்களின் இயல்பறிதல் அடுத்த இன்பம். விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து உடன் திரியும். அந்நேரத்தில் தாயைப் பிடித்தால் குஞ்சுகள் அனைத்தும் பிற மீனுக்கு இரையாகும். ஆதலின் நல்ல தூண்டிற்காரர் சிவந்த குஞ்சுக் கூட்டம் கண்ட இடத்தில் முள் இடுவதில்லை. பனையேறிக் கெண்டை காற்றையும் உள்வாங்கி நீருக்கு வெளியே நெடுநேரம் உயிர்த்திருக்கும். தேளியின் முள் குத்தினால் கடுப்புப் பொறுக்க இயலாது. தாங்கக்கூடிய அளவு வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும். குரவை, ஆரல், உளுவை, அயிரை எனக் கரைமக்கள் வாயில் வழங்கும் பெயர்கள் நம் அகராதிக்கு உயிரூட்டுவன. ஐங்குறுநூற்று மருதப்பாடல்களில் பாண்மகள் மீன் கொடுத்து நெல் பெறும் காட்சியைப் படித்த மாணவன், ஆற்றங்கரையில் கூடையோடு அமர்ந்து மீன் விற்கும் தாயிடம் ஒரு நாழிகை பேசினால், பாடல் புதிதாய்ப் பொருள்படும்.

காவிரியின் மற்றோர் அரிய மீன் பற்றியும் இங்குக் கூறுதல் தகும். திமில் போன்ற முதுகுடைய மகசீர் என்னும் பெருஞ்செதிற் கெண்டை இவ்வாற்றுப் படுகைக்கே உரியது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டிற்கலை பற்றி நூல் எழுதிய காலந்தொட்டு, மகசீரை நாடி அயல்நாட்டாரும் வந்தனர். இன்று அம்மீன் மிக அருகிவிட்டது. 2018இல்தான் அதன் அறிவியற்பெயர் தெளிவாக வரையறுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே முற்றும் அழியும் நிலையிலுள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் சேர்ந்தது. உலகப் புகழ்பெற்ற மீனுக்குப் பெயர் தெளியுமுன்னரே அழிவு நெருங்கிவிட்டது என்பது எண்ணத்தக்கது.

இடர்கள்

இனி மலைபடுகடாம் காட்டிய நெறியில் இடர்களைக் கூறுவோம்.

முதலாவது, நீரே இடர். மேட்டூர் அணையில் திறக்கும் நீரின் அளவு நாளுக்கு நாள் மாறும். காலையில் நடந்து சென்ற பாறை மாலையில் நீருக்குள் இருக்கும். கதவணைகளின் கீழும் மதகுகளின் அருகும் நீரின் இழுப்பு மேற்பரப்பில் தோன்றாது. உள்ளே காலைப் பற்றும். சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 45,000 ஏக்கர் பாசனம் பெறும் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் அகலத்தில் சிறியன, விரைவில் பெரியன. நெடுகிலும் பிடிப்பில்லாத சரிந்த கரைகளில் ஏறி வருதல் அரிது. மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் நீர் ஓரடியில் ஆள்மூழ்கும் குழியாக மாறும். ஆழமறியாமல் காலை விடாதே என்னும் பழமொழி இவ்வாற்றங்கரையில் சொல்லுக்குச் சொல் மெய்யாகும். நீரில் மூழ்கி இறந்த மாணவர் பற்றிய செய்தி நாளிதழில் வராத கோடை இல்லை. அச்செய்திகளுள் சிலவற்றில் இறந்தவர் ஒருவர் அல்லர். ஒருவரைக் காக்கக் குதித்த நண்பரும் உடன் இறந்திருப்பார்.

ஆதலின் மாணவர் மறவாது கொள்ளத்தக்கது ஒன்று. மூழ்குபவரைக் காக்க நீரில் குதித்தல் பயிற்சி பெற்றவர்க்கே உரியது. மற்றவர் கரையில் நின்று கயிறோ, வேட்டியோ, மரக்கிளையோ, மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் குடமோ எறிதல் வேண்டும். அருகில் உள்ள பரிசற்காரரைக் கூவி அழைத்தல் வேண்டும். கரைசேர்த்தவரைத் தலைகீழாகச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பயனற்றவை. பொன்னான நேரத்தை வீணாக்குபவை. மூச்சு நின்றிருப்பின் வாய்வழி மூச்சூட்டலும் மார்பழுத்தலும் உடனே தொடங்கி, 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். இப்பயிற்சி நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் எல்லா மாணவர்க்கும் அளிக்கத்தக்கது.

இரண்டாவது, மாசு. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிச் சாயக்கழிவு காவிரிக்கு நெடுநாளையத் துன்பம். சேலம் நகரின் கழிவைச் சுமந்து வரும் திருமணிமுத்தாறும் காவிரியிலேயே கலக்கின்றது. நொய்யலில் கலந்த சாயக்கழிவின் காரணமாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது யாவரும் அறிந்தது. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரங்களில் பாசி பெருகி நீர் பச்சைநிறம் கொண்டு நாற்றமெடுப்பதும் சில ஆண்டுகளில் நேர்ந்துள்ளது. நிறம் மாறிய நீரிலும், செத்து மிதக்கும் மீன் கண்ட இடத்திலும் குளித்தலும் மீன் கொள்ளுதலும் தவிர்க்கத்தக்கன.

மூன்றாவது, உணவு. நம் சமுதாயத்தார் வெளியூர்களில் உணவைக் குறித்துத் தயங்குதல் இயல்பு. மீனுக்கு அறுத்தல் விதி இல்லாமையால் நீர்த்துறைப் பயணத்தில் இத்தயக்கம் பெரிதும் நீங்குகின்றது. பயணத் தொழுகைக்கு மார்க்கம் தந்த சுருக்கமும் துணைசெய்கின்றது. ஆயினும் மீனும் இறைச்சியும் ஒரே எண்ணெயில் பொரிக்கும் கடையில் கேட்டறிந்து உண்ணுதல் நன்று. பொதுவாக யாவரும் கருதத்தக்கது மீனின் புதுமை. செவுள் சிவந்து, கண் தெளிந்து, விரலால் அழுத்திய தசை மீண்டெழுந்தால் மீன் புதிது. கண் குழிந்து தசை குழைந்தால் பழையது. பலமுறை காய்ந்து கறுத்த எண்ணெயில் புது மீனும் நஞ்சாகும்.

நான்காவது, நாமே. துறையை நாடிச் செல்வோர் துறைக்கு இடராவது பெருங்கொடுமை. கரையில் உடைந்து கிடக்கும் மதுப்புட்டிகள் வெறுங்காலோடு நடக்கும் மீனவர் குழந்தையின் காலைக் கிழிக்கின்றன. அறுத்தெறிந்த நைலான் நரம்பில் நாரையும் நீர்க்காகமும் சிக்கி மடிகின்றன. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என வகுத்தது. எனினும் அவ்வழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை. ஒரு வெடிக்குப் பத்து மீன் கைக்கு வரலாம். குஞ்சும் முட்டையும் இரையும் ஒருங்கே அழியும். அடுத்த ஆண்டு வலைவீசும் மீனவர் வீட்டு அடுப்பு எரியாது. விருந்தினன் ஒருநாள் மகிழ்ச்சிக்காகச் செய்யும் பிழையை அவ்வூர் ஆண்டு முழுவதும் சுமக்கின்றது.

செய்யத்தக்கன

இடர் உண்டு என்பதால் பயணத்தை விலக்குதல் அறிவுடைமை ஆகாது. மலைபடுகடாம் இடர் பலவற்றை அடுக்கிய பின்னும் திரும்பிப் போ என்று கூறவில்லை. இவ்வாறு செல் என்றே கூறிற்று. நாமும் அதனையே கூறுவோம்.

துறைக்குச் செல்பவர் முதலில் அவ்வூராரை வினவுதல் வேண்டும். பரிசற்காரர், துணி வெளுப்பவர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் அறிந்த ஆழத்தை எந்தப் படமும் காட்டாது. அவர்களை அண்ணா என்றும் ஐயா என்றும் அழைத்துக் கேட்டால் மறைக்காது சொல்வர். நீர்த்தேக்கத்தில் தூண்டிலிட மீன்வளத்துறையாரிடம் அறிந்து, இசைவு வேண்டுமிடத்துப் பெற்றபின் இடுதல் வேண்டும். பரிசலில் உயிர்காப்பு மிதவை அணியாது ஏறலாகாது. நீந்தத் தெரிந்தவர் என்னும் பெருமை காவிரியில் செல்லாது. சிறு மீனையும் முட்டை நிறைந்த மீனையும் மீள விடுதல் வேண்டும். கொண்டுசென்றவற்றைக் கரையில் விடாது கொண்டுவருதல் வேண்டும். தனியே செல்லலாகாது; வீட்டார்க்குச் சொல்லாது செல்லவே கூடாது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு மேலும் ஒரு வேண்டுகோள். கல்விச் சுற்றுலா சென்று மீளும் ஒவ்வொரு குழுவும் தான் கண்ட துறைக்கு ஒரு சிறு ஆற்றுப்படை எழுதி வைக்கலாம். உரைநடையே போதும். செல்லும் வழி, காணத்தக்கவை, உண்ணத்தக்கவை, இறங்கத்தகாத இடங்கள், வினவத்தக்கவர், அத்துறையில் வழங்கும் மீன்பெயர்கள், வலைப்பெயர்கள் ஆகியவற்றை அதில் குறித்தல் வேண்டும். வீச்சுவலை, தூரி, ஊத்தா என்னும் சொற்கள் எங்கெங்கு எவ்வெப் பொருளில் வழங்குகின்றன என்று தொகுத்தாலே ஒரு நல்ல ஆய்வேட்டிற்குப் பொருள் கிடைக்கும். அடுத்து வரும் மாணவர் குழு அதனைப் படித்துச் செல்லுமாயின், ஓர் உயிரேனும் காக்கப்படலாம். ஒரு சொல்லேனும் வாழலாம்.

நிறைவுரை

ஊர்களைக் காணுதல் அறிவை விரிக்கும்; நீர்த்துறையில் அமர்தல் மனத்தை ஆற்றும். ஆயின் நம்மை மகிழ்விக்கும் அதே நீர் அறியாதாரை விழுங்கவும் வல்லது. நம் பசி தீர்க்கும் அதே ஆறு நம் கழிவால் நஞ்சாகவும் கூடும். இரண்டையும் அறிந்து செல்வோர்க்கே பயணம் பயன் தரும். பெற்றோர் பிள்ளைகளைப் போகாதே என்று தடுப்பதினும், எங்கே எவ்வாறு போவது என்று கற்பித்து அனுப்புதல் மேல். ஆசிரியர் அவர்களை அழைத்துச் சென்று காட்டுதல் அதனினும் மேல். முன்சென்றவர் பின்வருவோர்க்கு வழிசொல்லும் கடமையைத் தமிழ்ப் புலவர் ஒரு பெரும் அறமாகக் கருதினர். காவிரிக் கரையில் வாழும் நாமும் அவ்வறத்தைப் போற்றுவோமாக.